மேசையை விட்டு நகராத கீபோர்டுக்கு ரேடியோ எதற்கு?

கேள்வி இதுதான். வீட்டு மேசைக் கணினிக்குப் புது கீபோர்டு வாங்க வேண்டும். தினமும் நாலைந்து மணி நேரம் எழுத்து வேலை, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. இரவில் அப்பா அதே கணினியை ஹாலில் இருக்கும் டிவியோடு இணைத்துப் படம் பார்ப்பார். கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. வயர் உள்ளது வாங்குவதா, வயர்லெஸ் வாங்குவதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு வயர் உள்ள கீபோர்டு ஒன்று வாங்குங்கள். அப்பாவுக்கு டச்பேடு சேர்ந்த சின்ன வயர்லெஸ் கீபோர்டு ஒன்று வாங்குங்கள். ஆடம்பரம் தேடாவிட்டால் இரண்டும் உங்கள் 2,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒரே கீபோர்டில் இரண்டு வேலையையும் முடிக்கப் பார்த்தால், எழுதும்போது உங்களுக்கும் திருப்தி இருக்காது, சோபாவில் சாய்ந்திருக்கும் அப்பாவுக்கும் வசதிப்படாது.

கடையில் இதைக் கேட்டால் முதலில் 'லேக்' பற்றித்தான் பேசுவார்கள். விசையை அழுத்தியதற்கும் திரையில் எழுத்து வருவதற்கும் இடையே ஆகும் தாமதம். சாதாரண யூஎஸ்பி கீபோர்டிடம் கணினி வினாடிக்கு 125 தடவை 'ஏதாவது அழுத்தினார்களா?' என்று கேட்கிறது. அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. பெரும்பாலான ப்ளூடூத் கீபோர்டுகளில் இந்த இடைவெளி 7.5 மில்லிவினாடிக்குக் கீழே போகாது. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பல கீபோர்டுகள் இதைக் கூட்டியே வைத்திருக்கும். சரி, நீங்கள் எவ்வளவு வேகமாக அடிப்பீர்கள்? நிமிடத்துக்கு 40 ஆங்கிலச் சொற்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 300 மில்லிவினாடி கிடைக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை படத்தைப் புதுப்பிக்கவே 16 மில்லிவினாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எழுத்து வேலைக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே கிடையாது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்கள் கவலைப்படட்டும். அவர்களுக்காகவே வினாடிக்கு 1,000 தடவை பேசும் கீபோர்டுகள் வருகின்றன, வயர் வைத்தும் வயர் இல்லாமலும்.

எனக்குக் கவலை தாமதத்தில் கிடையாது. வராமலே போகும் எழுத்தில்தான்.

பல வருடம் முன்பு ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். மேசை பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று முதலாளி எல்லா வயர் கீபோர்டுகளையும் எடுத்துவிட்டு வயர்லெஸ் வாங்கிப் போட்டார். ஒரு வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் பொதுக்கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். நான் அடித்தேன், திருத்தம் பார்த்தேன், அச்சுக்குப் போனது. 'மாபெரும் பொதுக்கூடம்' என்று 1,000 நோட்டீஸ் வந்து இறங்கியது.

தமிழ்99 அடிப்பவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று உடனே புரிந்திருக்கும். அந்த விசைப்பலகையில் ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'ட்ட' வேண்டுமென்றால் 'ட'வை இரண்டு தடவை தட்டினால் போதும். புள்ளிக்கென்று தனியாக ஒரு விசையைத் தேட வேண்டாம், அதுதான் அதன் அழகு. ஆனால் அந்த இரண்டு தட்டில் ஒன்று காற்றில் தொலைந்தால் 'கூட்டம்' 'கூடம்' ஆகிவிடும். 'பட்டம்' 'படம்' ஆகும், 'பாட்டு' 'பாடு' ஆகும். எல்லாமே சரியான தமிழ்ச் சொற்கள். பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது, கண்ணும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனால் பெரும்பாலும் சொல் அசிங்கமாகத் தெரிந்துவிடும். தமிழில் அது வேறொரு நல்ல சொல்லாக வேடம் போட்டுக்கொண்டு நிற்கும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. விசையை அழுத்தினால் 'அழுத்தினார்' என்று ஒரு செய்தி போகும், கையை எடுத்தால் 'விட்டார்' என்று இன்னொன்று போகும். இந்த இரண்டாவது செய்தி தொலைந்தால், நீங்கள் இன்னும் அந்த விசையை அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். திரையில் அந்த ஒரே எழுத்து வரிசையாக ஓடும். சேதி கிடைக்காவிட்டால் திரும்ப அனுப்பும் ஏற்பாடு பெரும்பாலான வயர்லெஸ் கீபோர்டுகளில் இருக்கிறது, உண்மைதான். நல்ல கீபோர்டுகளில் அது கச்சிதமாகவே வேலை செய்கிறது. மலிவானவற்றில் இரைச்சல் கூடினால் தடுமாறுகிறது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது. பேட்டரி மாற்றினோம், கீபோர்டையே மாற்றினோம். மூன்றாம் நாள்தான் கவனித்தோம், யாராவது வெளி ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்து கோப்புகளை நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் எழுத்துகள் தொலைகின்றன. கணினியின் முதுகில் ஹார்ட் டிஸ்க் செருகிய நீல நிறத் துளையும் கீபோர்டின் டாங்கிள் (கீபோர்டு அனுப்புவதை வாங்கிக் கணினியிடம் கொடுக்கும் சின்ன யூஎஸ்பி துண்டு) செருகிய துளையும் ஒட்டி ஒட்டி இருந்தன.

இது எங்கள் கடைக்கு மட்டும் வந்த நோய் கிடையாது. அந்த நீலத் துளையில் ஓடும் யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் வழிகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ், ப்ளூடூத், பழைய வைஃபை எல்லாம் குடியிருப்பது அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இருக்கிறது. டாங்கிளை ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்சி வயரில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வைத்தோம், தொல்லை நின்றது. வயர் வேண்டாம் என்று வாங்கிய கீபோர்டுக்கு ஒரு வயர் வாங்கிப் போட்டோம் என்பதை முதலாளி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், பத்துப் பதினைந்து பெயர்கள் வரும். ப்ளூடூத் அலைவரிசை மாற்றி மாற்றித் தாவிக் குதித்து அந்த நெரிசலைச் சமாளிக்கிறது. நன்றாகவே சமாளிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தாலும், ஓரடி தள்ளி இருக்கும் கணினிக்கு ஓர் எழுத்தைக் கொண்டு சேர்க்க இவ்வளவு வித்தை எதற்கு என்பதுதான் என் கேள்வி. கீபோர்டு அந்த மேசையை விட்டு எங்கும் போகப்போவதில்லையே.

தமிழ்99 என்றதும் இன்னொன்று. வயர்லெஸ் கீபோர்டுகளில் பலவற்றைக் கையடக்கமாகச் செய்கிறேன் என்று வலது ஓரத்து விசைகளைச் சுருக்கிவிடுகிறார்கள். அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறிகள், சாய்கோடு ஆகிய விசைகள் சிலவற்றில் பாதி அகலத்தில் இருக்கும், சிலவற்றில் இடமே மாறிவிடும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அவை எப்போதாவது தொடும் குறிகள். நமக்கோ அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் 'ந', மேற்கோள் குறியில் 'ய', சதுர அடைப்புக்குறிகளில் 'ச', 'ஞ', சாய்கோட்டில் 'ழ'. 'நயம்' என்று அடிக்கப் போன சுண்டுவிரல் எண்டர் விசையில் போய் விழும். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99, உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் வைத்த அமைப்பு. வலது ஓரம் முழு அகலத்தில் இருந்தால்தான் கை பழகும். ஆகவே வயரோ வயர்லெஸ்ஸோ, வாங்கும் முன் அந்த ஐந்து விசைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒலிப்பு முறையில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அப்புறம் பாதுகாப்பு. இதைச் சொன்னால் 'என் கீபோர்டை யார் சார் ஒட்டுக் கேட்கப் போகிறார்கள்' என்று சிரிப்பார்கள். 2016இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அடுத்தடுத்து இரண்டு குறைகளை வெளியிட்டது. பிப்ரவரியில் வெளியானதற்கு மவுஸ்ஜாக் என்று பெயர். பல நிறுவனங்களின் டாங்கிள்களுக்குத் தூரத்திலிருந்தே பொய்யான விசை அழுத்தங்களை அனுப்ப முடிந்தது. ஜூலையில் வெளியான கீஸ்னிஃபர் இன்னும் மோசம். எட்டு நிறுவனங்களின் மலிவு கீபோர்டுகள் அழுத்தும் எழுத்துகளைப் பூட்டாமல் அப்படியே காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. 250 அடி தூரத்தில் இருந்துகூட அவற்றைப் படிக்கலாம் என்று காட்டினார்கள். கடவுச்சொல், அட்டை எண், காதல் கடிதம் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கீபோர்டுகளை மென்பொருள் புதுப்பித்துச் சரிசெய்யவும் வழியில்லை, தூக்கித்தான் போட வேண்டும். ப்ளூடூத்தும் முழுக்கத் தப்பவில்லை. 2023 டிசம்பரில், அனுமதி கேட்காமலே தன்னை ஒரு கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் கருவிகளில் ஒட்டிக்கொள்ளும் ஓட்டை ஒன்று வெளிவந்தது. அதற்கு மென்பொருள் புதுப்பிப்புகள் வந்துவிட்டன. போனைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

இதற்காகப் பயந்து நடுங்கச் சொல்லவில்லை. பெயர் தெரிந்த நிறுவனங்களின் இன்றைய வயர்லெஸ் கீபோர்டுகள் பெரும்பாலும் எழுத்துகளைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆனால் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரே சரியாக இல்லாத 400 ரூபாய் வயர்லெஸ் கீபோர்டில் வங்கிக் கடவுச்சொல் அடிக்காதீர்கள். அப்பாவுக்கு வாங்கப்போவது அந்த வகையாக இருந்தால், அதில் படப் பெயரைத் தேடட்டும், அதோடு போதும்.

பேட்டரி. பின்னொளி இல்லாத டாங்கிள் கீபோர்டில் இரண்டு செல் போட்டால் ஒரு வருடம் தாராளமாக ஓடும். இரண்டு, மூன்று வருடம் என்று பெட்டியில் போட்டிருப்பதும் முழுப் பொய் கிடையாது. பின்னொளி எரிந்தால் கதை மாறும், நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் தீரும். வருடக்கணக்கில் ஓடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. செல் உள்ளே இருப்பதை மறந்துவிடுவோம். ஒரு நாள் திறந்து பார்த்தால் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லில் இருந்து கசிந்த காரம் அது. பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, காயவிட்டு, புது செல் போட்டால் பாதி கீபோர்டுகள் பிழைத்துவிடும். அப்பாவின் கீபோர்டைக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் முன் செல் கழற்றி வையுங்கள். உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து ஒட்டிய கீபோர்டுகளை நான் விரும்புவதில்லை. மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி தளர்ந்துவிடும். மாற்ற வழி இல்லாவிட்டால் நல்ல விசைகளோடு அதுவும் குப்பைக்குப் போகும்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்தக் கீபோர்டுகள் சும்மா இருந்தால் தூங்கிவிடும். யோசித்துவிட்டு எழுத ஆரம்பிக்கும்போது முதல் விசை அதை எழுப்புவதற்கே செலவாகும். சிலவற்றில் அந்த எழுத்தே வராது. ப்ளூடூத்தில் மீண்டும் இணைய ஒன்றிரண்டு வினாடி ஆகும். யோசித்து யோசித்து எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.

வயர்லெஸ் கீபோர்டு புது யோசனை என்று நினைக்க வேண்டாம். ஐபிஎம் 1983இல் அறிவித்த பிசிஜூனியர் என்ற வீட்டுக் கணினியோடு அகச்சிவப்பு ஒளியில் பேசும் கீபோர்டுதான் வந்தது, நாலு செல் போட்டு. வகுப்பறையில் இரண்டு மூன்று கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் எழுத்து இன்னொன்றில் போய் விழும். அதற்கு ஒரு வயரையும் தனியாக விற்றார்கள். எங்கள் முதலாளிக்கு இந்தக் கதை அப்போதே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயருக்கும் குறைகள் உண்டு, மறைக்கவில்லை. கீபோர்டிலிருந்து வயர் வெளியே வரும் கழுத்தில்தான் முதலில் உடையும். மேசையைச் சுவரோடு தள்ளி வைத்து அந்தக் கழுத்தை மடித்துவிட்டால் ஒரு வருடத்தில் உள்கம்பி அறுந்துவிடும். எலி இருக்கும் வீடானால் அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கொஞ்சம் பணம் கூடுதலாக இருந்தால் வயரைக் கழற்றி மாற்றும்படி டைப்-சி துளை வைத்த கீபோர்டு வாங்குங்கள், போன் சார்ஜர் வயரே உதவிக்கு வரும். ஆனால் அந்த வயரில் தரவும் போக வேண்டும். சார்ஜுக்கு மட்டும் உள்ள வயரைச் செருகிவிட்டுக் கீபோர்டு செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

வயர்லெஸ் எனக்கும் பிடித்த இடங்கள் இருக்கின்றன. டிவி முன்னால், சோபாவில். டேப்லெட்டில் எழுதும்போது. ஒரே மேசையில் வீட்டுக் கணினி, அலுவலக லேப்டாப், போன் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பொத்தானில் மாறி மாறி அடிப்பவர்களுக்கு மூன்று கருவி இணையும் ப்ளூடூத் கீபோர்டு வரப்பிரசாதம். அந்த வேலைக்கு வயர் பக்கத்திலேயே வர முடியாது. உங்களுக்கு அந்தத் தேவை இருந்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கு டாங்கிள் உள்ளதா, ப்ளூடூத்தா? டாங்கிள். காரணம் எளிது. மேசைக் கணினிகள் பலவற்றில் ப்ளூடூத்தே இருக்காது. டாங்கிளைக் கணினி சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகவே பார்ப்பதால் இணைத்தல், கடவு எண் எதுவும் வேண்டாம், செருகினால் வேலை செய்யும். ஆனால் தொலைத்துவிட்டால் பெரும்பாலும் அந்தக் கீபோர்டு வெறும் பலகைதான். அதனால் செருகியதை எடுக்கவே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். கணினி வேறு அறையில் இருந்தால் நடுவில் சுவர் வரும். 10 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. நான் சொன்ன நீட்சி வயரைப் போட்டு டாங்கிளை ஹால் பக்கமாகக் கொண்டுவந்து வையுங்கள், கணினியின் முதுகில் விடாதீர்கள்.

விண்டோஸ் திறக்காமல் மக்கர் பண்ணும் நாளிலும் உங்கள் வயர் கீபோர்டு கைகொடுக்கும். விண்டோஸ் எழும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் ப்ளூடூத் கீபோர்டுகள் பெரும்பாலும் ஊமையாகிவிடும், ஏனென்றால் அதை இணைக்கும் மென்பொருள் விண்டோஸோடுதான் எழுந்திருக்கும். வீட்டுக்குப் போய் சர்வீஸ் பார்க்கும்போது நான் பையில் ஒரு பழைய வயர் கீபோர்டு எடுத்துக்கொண்டு போவது இதற்குத்தான்.

வாங்கும் கணக்கு இப்படிப் போடுங்கள். பெயருள்ள நிறுவனத்தின் முழு அளவு வயர் கீபோர்டு எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்கே கிடைக்கும். இந்த விலையில் வருபவை ரப்பர் குமிழ் வைத்த வகை, எழுத்து வேலைக்குப் போதும். அதே தரத்தை வயர்லெஸ்ஸில் தேடினால் ரேடியோவுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள். அப்பாவின் சின்ன கீபோர்டு ஏறக்குறைய அதே விலைக்கு வரும். நீட்சி வயர் போக மிச்சம் இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு ஆசை இருந்தால் இந்தப் பணத்தில் இரண்டையும் வாங்க முடியாது, அப்பாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மலிவான மெக்கானிக்கல் விசைகள் தேய்ந்தால் ஒரு தட்டு இரண்டாகப் பதியும். வயர் இருந்தும் பயனில்லை, 'படம்' 'பட்டம்' ஆகிவிடும்.

கடையில் திறந்து காட்டச் சொல்லி ஒரு கணினியில் செருகி, 'ட'வுக்கான விசையை மெதுவாக, வேகமாக, ஓரத்தில், நடுவில் என்று இருபது தடவை தட்டி, இருபதும் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் இல்லாத கணினியாக இருந்தால் ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்து இருக்கும் விசைதான் அது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், எண்ணி முடிக்கும்வரை நிமிராதீர்கள்.